12 இஞ்ச், 8 ஓம்: இவ்வளவு மட்டும் போதாது

ஸ்பீக்கர் போய்விட்டது என்று ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாம் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். எத்தனை இஞ்ச், எத்தனை ஓம், எத்தனை வாட்ஸ். முதல் விடை பலகையில் உள்ள ஓட்டைக்கு, இரண்டாவது ஆம்ப்ளிஃபையரின் பாதுகாப்புக்கு, மூன்றாவது காயிலின் ஆயுளுக்கு. காதில் விழப்போகும் ஒலியைப் பற்றி இந்த மூன்றில் எதுவும் வாய் திறப்பதில்லை. இருந்தும் வீட்டு ஸ்டீரியோவுக்கும் கிதார் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்து மாட்டி அனுப்பும் பழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இவை இரண்டும் வேறுவேறு வேலைகள். ஒன்றில் கண்ணும் கருத்துமாகத் தவிர்க்கிற குணத்தை மற்றதில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். 8 ஓம் காயில் மல்டிமீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். 16 ஓம் என்றால் 12, 13. காட்டினால் காயில் அறுபடவில்லை. கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக அழுத்தி விடும்போது உரசல் கேட்காவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பேசாத ட்வீட்டரைக் கழற்றி எறிவதற்கு முன் கிராஸ்ஓவரில் உள்ள பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை அளந்து பாருங்கள். பல பழைய பெட்டிகளில் செத்திருப்பது அதுதான். காந்த இடைவெளியில் ஃபெர்ரோஃப்ளூயிட் ஊற்றிய ட்வீட்டர்களில் அந்தத் திரவம் காலப்போக்கில் பசைபோல் இறுகிவிடும். சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஊற்றினால் சத்தம் திரும்பி வரும். காயில் உண்மையிலேயே எரிந்திருந்தால், எரித்தது எது என்று தெரியாமல் புது ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி வந்துகொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையர், நீங்கள் மாட்டும் புதியதையும் அன்றைக்கே தின்றுவிடும்.

வீட்டுப் பெட்டிகளில் நம் பெஞ்சுக்கு அதிகம் வருவது ஃபோம் சரவுண்ட் உதிர்ந்த வூஃபர். பாலியூரிதேன் ஃபோமுக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது. கடலோர ஊர்களில் இரண்டும் தாராளம். பதினைந்து, இருபது வருடத்தில் விரல் பட்டாலே பொடியாகிவிடும். ஆனால் கோன், காயில், ஸ்பைடர், காந்தம் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த வூஃபரைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று மாட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) பெட்டிகளைக் கொண்டு சொல்லலாம்.

அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 பெட்டியைக் கொண்டுவந்தபோது அதுவரை இருந்த முறையைத் தலைகீழாக்கினார். கோனைப் பிடித்து நிறுத்துவது விறைப்பான சஸ்பென்ஷன் அல்ல; காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே அதற்கு ஸ்பிரிங். அதனால் அவருடைய வூஃபரின் சஸ்பென்ஷன் வேண்டுமென்றே மிகத் தளர்வாக இருக்கும். பின்னால் வந்த ஏஆர்-3, ஏஆர்-3ஏ முதல் மூடிய பெட்டி என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லிட்டர் மூடிய பெட்டி. அதில் இருந்த வூஃபரின் எஃப்எஸ் (பெட்டிக்கு வெளியே அதன் ஒத்ததிர்வு) 25 ஹெர்ட்ஸ், விஏஎஸ் (அதன் சஸ்பென்ஷனின் தளர்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து எஃப்எஸ்ஸால் பெருக்கினால் பெட்டிக்குள் அதன் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸ். இப்போது அதே 12 இஞ்ச், அதே 8 ஓம், வாட்ஸ் மட்டும் மூன்று மடங்கு உள்ள ஒரு மேடை ஸ்பீக்கரை மாட்டுகிறோம். எஃப்எஸ் 50, விஏஎஸ் 70. விடை 77 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ஓர் ஆக்டேவ் பேஸ் காணாமல் போய்விட்டது. வாடிக்கையாளர் 'முன்ன மாதிரி இல்லையே' என்பார். நாம் 'புதுசு, பழகப் பழகச் சரியாகும்' என்போம். ஆகாது.

இந்த எண்களெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்துச் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இலேயே எழுதி, பிறகு ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் முழுமையாக்கிய கணக்கு இது. எஃப்எஸ் பார்க்க ஒரு சிக்னல் ஜெனரேட்டர், 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு ஏசி மில்லிவோல்ட் மீட்டர் போதும். ஸ்பீக்கருடன் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜ் உச்சம் தொடும் இடம்தான் எஃப்எஸ். ஜெனரேட்டர் இல்லாதவர்களுக்குக் கைபேசிச் செயலியும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரும் உண்டு.

ஆகவே வீட்டுப் பெட்டிக்கு முதல் தேர்வு ஃபோம் மாற்றுவது. பழைய பசையைச் சுரண்டி எடுப்பதில் பொறுமை வேண்டும். டஸ்ட் கேப்பைத் திறந்து ஷிம் செருகி காயிலை நடுவில் நிறுத்தி ஒட்டுங்கள். விறைப்பான ஃபோம் ரிங்கை ஒட்டினால் எஃப்எஸ் ஏறிவிடும், மேலே போட்ட கணக்கின் கதைதான். வேறு வழியின்றி டிரைவரையே மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். முனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு கோன் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் சிவப்பு முனைக்கு பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும்! சில கோன்களுக்கு மாற்றே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். யமஹா என்எஸ்-10 வரிசை 2001-இல் நின்றுபோனதற்கு அந்நிறுவனம் சொன்ன காரணமே, அதன் வெள்ளைக் கோனுக்கான மரக்கூழ் இனிக் கிடைக்காது என்பதுதான்.

கிதார் ஆம்ப்ளிஃபையருக்கு வந்தால் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிட வேண்டும். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். செலஸ்டியனின் புளூ, கிரீன்பேக், விண்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் மூன்றுக்கும் ஒத்ததிர்வு 75 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போக வேண்டிய தேவையே அங்கு இல்லை. பின்பக்கம் திறந்த பெட்டியில் அடைபட்ட காற்றும் இல்லை. மேலே 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சத்தம் சரியும். அந்தச் சரிவுதான் டிஸ்டார்ஷனின் கரகரப்பை இசையாக்குகிறது. சத்தம் கூடும்போது காகிதக் கோன் தானே நெளிந்து ஒலியில் சேர்மானம் செய்யும். வீட்டு ஸ்பீக்கரில் அது குறை, இங்கே அதுதான் குரல். ஹைஃபை டிரைவரைக் கிதார் ஆம்பில் மாட்டினால் ஈ மொய்ப்பதுபோல் இருப்பது இதனால்தான். இங்கே ஸ்பீக்கர் வாத்தியத்தின் ஓர் உறுப்பு. வாசிப்பவரை உட்கார வைத்து, அவர் கிதாரிலேயே கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவுத்தாள் இரண்டாம் பட்சம்.

ஆனால் மின்சாரக் கணக்கில் இங்குதான் அதிகக் கண்டிப்பு வேண்டும். வால்வ் ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். ஃபெண்டர் ஆம்புகளின் ஸ்பீக்கர் ஜாக், பிளக்கை உருவியதும் தானே ஷார்ட் ஆகும்படி வைத்திருப்பது இதற்காகத்தான். டிரான்சிஸ்டர் ஆம்புக்கோ ஷார்ட்தான் எமன். இரண்டு வகையும் ஒரே பெஞ்சில் புழங்கும் கடைகளில் உதவியாளர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேனில் நான்கு 8 ஓம் ஜென்சன் ஸ்பீக்கர்கள் இணையாக, மொத்தம் 2 ஓம். ஒன்று போனதென்று கையில் கிடைத்த 16 ஓம் ஒன்றை மாட்டினால் மொத்தம் 2.3 ஓம்தான், ஆம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் புதியதற்கு மற்றவற்றில் பாதிப் பவர்தான் போய்ச் சேரும். ஆம்ப் ஓடும், ஒலி நொண்டும்.

வாட்ஸைவிட சென்சிடிவிட்டியைப் பாருங்கள் என்பதும் எங்கள் கட்சி. 97 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் மாட்டினால் ஆம்பின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சின்ன அறையில் வாசிப்பவருக்கு அது உதவி அல்ல, தொல்லை.

பழைய கிதார் ஸ்பீக்கரைக் கழற்றினால் ஃபிரேமில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் முதல் எண்கள் நிறுவனம்: 220 என்றால் ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட், 137 சிடிஎஸ். அடுத்து வருவது ஆண்டும் வாரமும். 220637 என்றால் ஜென்சன், ஆறில் முடியும் ஆண்டின் 37-ஆவது வாரம். ஜென்சனில் பி என்று தொடங்கும் மாடல் அல்னிகோ காந்தம், சி என்றால் செராமிக். அப்படிப்பட்ட ஒன்றின் கோனில் சிறு கிழிசல் இருந்தால் புதுக் கோன் போடாதீர்கள். டீ பேக் காகிதத்தில் ஒரு துண்டும், நீர்த்த வெள்ளைப் பசையும் போதும். அது அழகாக இல்லாவிட்டாலும் பழைய குரல் அப்படியே இருக்கும்.

கழற்றிய ஸ்பீக்கர் உடைமைக்காரருடையது, நம்முடையதல்ல. எரிந்தே போயிருந்தாலும் அட்டைப்பெட்டியில் வைத்து, என்ன மாட்டினோம் என்பதை பில்லில் மாடல் எண்ணோடு எழுதிக் கையில் கொடுங்கள். பழைய ஆம்பின் விலையில் அசல் ஸ்பீக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. தெரியாமல் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வருந்தியவர்கள் நிறைய.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பெஞ்சுக்கு வரும் நல்ல நிலையில் உள்ள பழைய டிரைவர்களை, வேலை இல்லாவிட்டாலும், ஒருமுறை அளந்து வையுங்கள். மாடல், டிசி ஓம், எஃப்எஸ், பெட்டியின் உள்ளளவு ஆகிய நான்கும் போதும். எழுதி அனுப்பினால் அடுத்த இதழ்முதல் அட்டவணையாக வெளியிடுகிறோம். முகவரி கடைசிப் பக்கத்தில் உள்ளது.