ஐந்து நூல் போல்ட்: பெயர் சொல்லாமல் விடுவது

கரும்பு வெட்டும் பருவத்தில் மண்டியாவுக்கும் மைசூருவுக்கும் இடைப்பட்ட சாலைகளில் பாரம் ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துச் செல்லும் டிராக்டர்களைக் காணலாம். அந்தப் பாரம் முழுவதையும் டிராக்டரோடு சேர்த்து வைத்திருப்பது பின்புறத்து இழுவைக் கொக்கி. கொக்கியின் தட்டை டிராக்டரின் உடலோடு இறுக்கி வைத்திருப்பவை விரலளவான சில போல்ட்டுகள். அவற்றுள் ஒன்று அறுந்தோ கழன்று விழுந்தோ போனால், உரிமையாளர் இரும்புக் கடைக்குச் சென்று எந்தப் பெயரால் அதைக் கேட்கிறார்? பொறியியல் வினாவாகத் தோன்றும் இது பாதிக்கு மேல் மொழியியல் வினா. தமிழ்க் கலைச்சொல் விவாதங்கள் இதனருகே வருவது அரிது. அவை ‘போல்ட்’ என்று எழுதுவதா, ‘மரையாணி’ என்று எழுதுவதா என்பதிலேயே நின்றுவிடுகின்றன.

கடையில் வழங்கும் பெயர்முறைகள் ஒன்றல்ல, மூன்று. முதலாவது நூல் கணக்கு. அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைத் தமிழகத்துத் தச்சரும் கொல்லரும் ‘நூல்’ என்பர். இந்தியில் அதே அளவுக்குச் ‘சூத்’ என்று பெயர். இரு சொற்களுக்கும் இழை என்பதே மூலப்பொருள். (ஏடும் நூல், இழையும் நூல், அளவும் நூல் என்று வழங்கும் மொழியில் ஆய்வாளருக்கும் பட்டறைக்காரருக்கும் பொதுவான சொல் இது ஒன்றாகத்தான் இருக்கும்.) இரண்டாவது மில்லிமீட்டர் கணக்கு. மூன்றாவது, போல்ட்டின் தண்டை விட்டுவிட்டு அதன் தலையைத் திருகும் ஸ்பேனரின் எண்ணால் அழைப்பது. ‘12 போல்ட்’ என்று ஒருவர் கேட்டால் தண்டின் விட்டம் 12 மி.மீ. என்றும் கொள்ளலாம், 12 ஸ்பேனர் பிடிக்கும் சிறிய போல்ட் என்றும் கொள்ளலாம். அவற்றைப் பிரித்தறியக் கடைக்காரர் வாடிக்கையாளரின் கையையும் வண்டியையும் பார்க்கிறார். சூழல் பொருளைத் தீர்மானிக்கிறது என்று பாடநூல்கள் சொல்வது இங்கே நாள்தோறும் நிகழ்கிறது. பெரும்பாலும் பிழையின்றியும் நிகழ்கிறது.

பிழை நேர்வது, இரு கணக்குகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது. 5 நூல் என்பது 15.875 மி.மீ. ஆகவே ‘அஞ்சு நூலும் பதினாறு எம்எம்மும் ஒண்ணுதான்’ என்பது எளிதில் வாயில் வரும் வாக்கியம். விட்டத்தைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மை. 16 மி.மீ. போல்ட்டின் தலைக்கு 24 ஸ்பேனர். 5 நூல் யூ.என்.சி. போல்ட்டின் தலையோ 15/16 அங்குலம், அதாவது 23.8 மி.மீ. ஒரே ஸ்பேனர் இரண்டையும் பிடித்துவிடும். கண்ணும் கையும் ஸ்பேனரும் ‘ஒன்றே’ என்று சாட்சி சொல்ல, மரை மட்டும் ‘வேறு’ என்கிறது. 16 மி.மீ. போல்ட்டின் வழக்கமான மரையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 2 மி.மீ. இடைவெளி. 5 நூல் யூ.என்.சி. போல்ட்டில் அங்குலத்துக்கு 11 மரை, இடைவெளி 2.309 மி.மீ. இரண்டையும் சேர்த்துத் திருகினால் தொடக்கத்தில் பிடித்துச் சற்று ஏறும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை ‘நன்றாகப் பிடித்துவிட்டது’ என்று கொண்டு நீளமான குழாயைச் செருகித் திருகுபவர், டிராக்டரின் வார்ப்பிரும்பு உடலில் வெட்டிய மரையை அழித்துவிடுகிறார். போல்ட்டின் விலை சில பத்து ரூபாய். வார்ப்பிரும்பின் மரை போனால் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும். அல்லது அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

‘5 நூல்’ என்பதும் ஒரே பொருளைக் குறிப்பதன்று. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் முன்வைத்தது 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் இயந்திர உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடர்ப்பாட்டுக்குப் பின்னர், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948-ல் ஒருங்கிணைந்த மரை முறைக்கு உடன்பட்டன. யூ.என்.சி., யூ.என்.எஃப். என்னும் பெயர்கள் அதன் வழி வந்தவை. 5 நூல் அளவில் விட்வொர்த் மரையும் அங்குலத்துக்கு 11, யூ.என்.சி. மரையும் 11. ஒன்றினுள் மற்றது ஏறிவிடும். ஆனால் கோணம் வேறு என்பதால் மரையின் பக்கங்கள் முழுமையாகப் படிவதில்லை. அதே விட்டத்தில் யூ.என்.எஃப். என்றால் அங்குலத்துக்கு 18. ஒரே சொல்லின் கீழ் குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன.

இந்திய டிராக்டர்கள் இக்குழப்பத்தைப் பிறப்பிலேயே பெற்றவை. சென்னையில் 1960-ல் தோன்றிய டாஃபே, மாசி ஃபெர்குசன் வடிவமைப்பை ஏற்றுக்கொண்டது. அது அங்குல மரபு. எச்.எம்.டி. 1971-ல் பிஞ்சோரில் செக் நாட்டு ஜீட்டரின் வடிவமைப்பைக் கொண்டு டிராக்டர் செய்யத் தொடங்கியது. அது மெட்ரிக் மரபு. இரு சக்கர வண்டிகளிலும் இதே பிளவு உண்டு. சென்னையில் 1955 முதல் உருவான புல்லட் பிரித்தானிய மரைகளோடு வந்தது. மைசூருவின் ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் 1996 வரை வெளிவந்த ஜாவாவும் யெஸ்டியும் செக் வழி வந்த மெட்ரிக் மரையை உடையவை. சென்னையில் தொழில் கற்ற மெக்கானிக்கும் மைசூருவில் தொழில் கற்ற மெக்கானிக்கும் ‘வழக்கமான மரை’ என்று சொன்னால், ஒருவர் மனத்தில் எழுவது மற்றவர் மனத்தில் எழுந்திருக்க வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறையை நாட்டின் முறையாக்கியது. ஆனால் சட்டம் பழைய எந்திரத்தின் துளைகளை மாற்றி வெட்டுவதில்லை. பட்டறையின் சொற்களையும் மாற்றுவதில்லை.

இதுவரை சொன்னது மரைக் குழப்பம். அதைக் கையாவது உணர்ந்துவிடும். உணரவே முடியாதது வலிமை. உயிர் தொங்குவதும் அதில்தான்.

மெட்ரிக் போல்ட்டின் தலையில் 4.6, 8.8, 10.9 போன்ற எண்கள் பொறிக்கப்படுகின்றன. புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அந்த வலிமையில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வரை இழுத்தால் போல்ட் நிலையாக நீளாமல் இருக்கும் என்பதைக் காட்டும். ஆக 8.8 என்பது 800 மெகாபாஸ்கலில் அறுபடும், 640-ல் நீளத் தொடங்கும் எஃகு. 4.6 என்பது 400-ல் அறுபடும், 240-ல் நீளத் தொடங்கும் எஃகு. 16 மி.மீ. போல்ட்டில் முதலாவது ஏறக்குறைய 12.8 டன் இழுவிசையைத் தாங்கும், இரண்டாவது 6.4 டன். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ஸ்பேனர், ஒரே தோற்றம். இந்திய மெட்ரிக் போல்ட்டுகளுக்கான ஐ.எஸ். 1367 தரமுறையும் இந்த எண்முறையையே கொண்டிருக்கிறது.

இழுவைக் கொக்கியை நிறுத்துவது போல்ட்டின் தண்டு குறுக்கே தடுப்பதால் அன்று. இறுக்கப்பட்ட போல்ட் சற்றே நீண்டு, வில்லைப் போல் இரு தட்டுகளையும் நெருக்குகிறது. அந்த நெருக்கத்தின் உராய்வே கொக்கியை அசையாமல் வைக்கிறது. 8.8 தரத்துக்கு உரிய இறுக்கத்தை 4.6 போல்ட்டுக்குக் கொடுத்தால் அது நிலையாக நீண்டு தளர்ந்துவிடும். தளர்ந்தபின் ஒவ்வொரு குலுங்கலிலும் தட்டு அசையும். சில வாரங்களில் போல்ட் அறும். ‘அடிக்கடி கழலுகிறது’ என்று சொல்லி அதன் தலையில் வெல்டிங் வைப்பது பல பட்டறைகளில் காணும் தீர்வு. 8.8 போல்ட் வெப்பப் பதமிடலால் வலிமை பெற்றது. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தையே கெடுக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்தது பாதுகாப்பைக் குலைக்கிறது. அந்த டிரெய்லர்களில் கரும்பு மட்டும் போவதில்லை. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் குடும்பங்களும் ஏறிச் செல்கின்றன.

இந்த வலிமைக்குப் பட்டறைத் தமிழில் என்ன சொல்? ‘ஹைடென்சில்’ என்னும் ஆங்கிலச் சொல் வாயில் உருண்டு ‘ஹைடென்சன்’ ஆகியிருக்கிறது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் சாயலுக்கு மாற்றிக்கொள்ளும் மக்கள் வழக்குக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அது ‘உண்டு, இல்லை’ என்ற இருநிலைச் சொல். எவ்வளவு என்று சொல்லாது. 8.8-உம் ஹைடென்சன், 12.9-உம் ஹைடென்சன். இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்க முறையில் ‘கிரேடு 8’ என்பது ஏறத்தாழ 10.9-க்கு நிகர், 8.8-க்கு அருகில் நிற்பது ‘கிரேடு 5’. எட்டைக் கேட்டவுடன் 8.8-ஐ நினைப்பவர் ஏமாறுகிறார். அமெரிக்க முறை தலையில் எண்ணைப் பொறிப்பதும் இல்லை. கிரேடு 5-க்கு மூன்று கோடு, கிரேடு 8-க்கு ஆறு கோடு.

கலைச்சொல்லாக்கத்தின் மீதான குறை இங்கேதான். பெயர் இருக்கும் பொருளுக்கு இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர் தேடுவதில் உழைப்பு செலவாகிறது. ‘மரை’ என்ற சொல்லைப் பட்டறை ஏற்கெனவே வளமாகக் கையாள்கிறது: மரை போச்சு, மரை ஏறல, மரை கழண்டவன். சங்கப் பாட்டில் மானினம் ஒன்றுக்குப் பெயரான சொல், எந்திரத்துக்குள் புகுந்து, அங்கிருந்து மனிதரின் மூளைக்கும் ஏறிவிட்டது. (மைசூருக் கடையில் அதே சொல்லைச் சொன்னால் கன்னடச் செவிக்கு அது மறதி என்றோ மறைவு என்றோ கேட்கும், அங்கே திருகுக்கு ‘திருப்பு’ என்பது வழக்கு.) ‘போல்ட்’ என்ற கடன்சொல்லாலும் யாருக்கும் தீங்கில்லை. தீங்கு, மரை இடைவெளிக்கும் வலிமைத் தரத்துக்கும் கடையில் கேட்கத்தக்க சொல் நிலைபெறாமையில் இருக்கிறது. இருக்கும் சொல்லின் தூய்மை பற்றிய வாதம், இல்லாத சொல்லை மறைத்துவிடுகிறது.

அண்டை மொழியில் ஒரு முன்மாதிரி உண்டு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கில் தொழில் வழக்குச் சொற்களை உழவரிடமிருந்தே திரட்டி 1962-ல் வேளாண்மைத் தொகுதியைக் கொண்டுவந்தார். 1971-ல் கைத்தறித் தொகுதி வந்தது. சொல்லை ஆக்கும் முன் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற முறை அது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மைசூருவில் இருக்கிறது. தேசிய மொழிபெயர்ப்பு இயக்கமும் அங்கேயே இயங்குகிறது. ஐ.டி.ஐ. மாணவர்க்கான தமிழ்ப் பாடநூல்களைச் சென்னையில் உள்ள தேசியப் பயிற்றுக் கருவிகள் நிறுவனம் வெளியிடுகிறது. பட்டறைச் சொல்லைத் திரட்டுவோரும் பாடநூல் எழுதுவோரும் ஒரே மேசையில் அமர்வதற்கு இடம் குறைவில்லை.

அங்கே செய்ய வேண்டியது பெரிய சொல்லாக்கமும் அன்று. வலிமைத் தரத்துக்கு எண்ணே பெயராகலாம். ‘எட்டுப் புள்ளி எட்டு’ என்பது எல்லோர் வாயிலும் ஏறும். இடைவெளிக்கு ‘ரெண்டு எம்எம் மரை’, ‘பதினொண்ணு மரை’ என்ற வழக்கே போதும். அதை அளக்கச் சிறப்புக் கருவியும் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் அளவுகோலைப் பழைய போல்ட்டின் மேல் வைத்து, 20 மி.மீ. நீளத்தில் சரியாகப் பத்து இடைவெளிகள் அடங்கினால் அது 2 மி.மீ. மரை, ஓர் அங்குலத்தில் பதினொன்று அடங்கினால் அங்குல மரை. அப்போது கேள்வி ‘அஞ்சு நூல் போல்ட் இருக்கா?’ என்று இராது. ‘பதினாறு எம்எம், ரெண்டு எம்எம் மரை, அம்பது நீளம், எட்டுப் புள்ளி எட்டு’ என்று இருக்கும். கடைக்காரர் அதையே ரசீதிலும் எழுதித் தரலாம்.