சீட் போஸ்டுக்குக் கொஞ்சம் கிரீஸ்

கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே ஒரு மண் பாதை மலையிலிருந்து செங்குத்தாக இறங்குகிறது. 1976 அக்டோபரில் உள்ளூர் நண்பர்கள் சிலர் பழைய, கனத்த சைக்கிள்களில் அங்கே பந்தயம் விடத் தொடங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்ச தூரத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான் துணை. கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மவுன்டன் பைக் விளையாட்டே இப்படிக் கிரீஸ் கையோடுதான் பிறந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ், 1984-ல் ஜாஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து ‘ஹைட்-ரைட்’ என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தார். சீட் போஸ்டையும் ஃபிரேமையும் இணைக்கும் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஓடும் சைக்கிளிலேயே கையைக் கீழே விட்டு, போஸ்டை இறுக்கியிருக்கும் லிவரைத் திறந்து, உடம்பு எடையால் சீட்டை அமுக்கி இறக்கலாம். லேசாக எழுந்தால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும். மேட்டில் ஏறும்போது கால் நன்றாக நீள, சீட் உயரமாக இருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது அதே சீட் உடம்பைத் தாழவும் பின்னால் நகரவும் விடாமல் தடுத்து, ஆளை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப் பார்க்கும். இந்தச் சிக்கலை அந்த ஸ்பிரிங் தீர்த்தது. கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை.

இன்றைய டிராப்பர் போஸ்ட் அதே வேலையை, ஹேண்டில்பாரில் உள்ள லிவரைக் கட்டைவிரலால் அழுத்தினாலே செய்கிறது. 2010-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ‘ரெவர்ப்’ வந்த பிறகு இது பரவலானது. இப்போது ஒன்அப் நிறுவனத்தின் நீளமான மாடலில் சீட் 240 மில்லிமீட்டர் வரை இறங்குகிறது. ஆனால், பெரும்பாலான ஓட்டிகள் இதன் பராமரிப்புப் பக்கமே போவதில்லை. செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், பிரேக் பேட் மாற்றுவார்கள். சீட் போஸ்டை மட்டும் திறக்கக் கூடாத பெட்டி என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் சீட் பாதியில் நின்றுவிட்டால், “போஸ்ட் போய்விட்டது” என்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்புவார்கள். அந்த முடிவு பெரும்பாலும் அவசரப்பட்டது. பழுது பல நேரம் போஸ்டுக்கு உள்ளேயே இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது, ஃபிரேமில் போஸ்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப். சீட் வழுக்கி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் அதைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிடுவார்கள். டிராப்பரின் வெளிக்குழாய் மெல்லிய அலுமினியம். இறுக்கினால் நெளிந்து உள்குழாயைக் கவ்விக்கொள்ளும். சீட் மெதுவாக எழும், அல்லது எழவே எழாது. கிளாம்ப் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு லிவரை அழுத்திப் பாருங்கள். சீட் சட்டென்று எழுந்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. பொதுவாக 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். ஃபிரேமிலும் போஸ்டிலும் அச்சிட்டிருக்கும் அளவே முடிவானது. அந்த இறுக்கத்திலும் போஸ்ட் வழுக்கினால், குழாயில் கார்பன் பேஸ்ட் தடவ வேண்டுமே தவிர, போல்ட்டை மேலும் முறுக்கக் கூடாது.

அடுத்தது கேபிள். லிவரிலிருந்து ஃபிரேமுக்குள் நுழைந்து, பல இடங்களில் வளைந்து, போஸ்டின் அடியில் போய் முடிகிறது. தண்ணீர் புகுந்தால் இன்னர் துருப்பிடிக்கும், அவுட்டர் மடங்கினால் இழுவை கனக்கும். கேபிள் அதிகமாக இழுபட்டிருந்தால் அடியிலுள்ள வால்வு முழுதாக மூடாது. உட்கார்ந்தால் சீட் மெல்ல இறங்கும். தொய்ந்திருந்தால் வால்வு திறக்காது. போஸ்டைக் கழற்றி, கேபிளை விடுவித்து, அடியிலுள்ள விசையை விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும். அப்போது ஒழுங்காக ஏறி இறங்கினால் போஸ்ட் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் கோளாறு. ஓரிரண்டு சுற்று அட்ஜஸ்டரைத் திருப்புவதிலோ, புதுக் கேபிள் போடுவதிலோ கதை முடியும்.

இவை இரண்டும் சரியென்றால்தான் கழுத்துப் பகுதிக்கு வர வேண்டும். வெளிக்குழாயின் மேல்முனையில் இருக்கும் வளையத்தைப் பல மாடல்களில் கையாலேயே திருகிக் கழற்றலாம். போஸ்டைச் சைக்கிளிலிருந்து எடுக்கக்கூட வேண்டியதில்லை. வளையத்தை மேலே நகர்த்தினால் ரப்பர் சீலின் உள்விளிம்பில் சாம்பல் நிறப் பசை அப்பியிருக்கும். அது பழைய கிரீஸும் மண்ணும் கலந்தது. பின் சக்கரம் வாரியடிக்கும் சேறு முழுவதும் வந்து விழும் இடம் இது. பஞ்சில்லாத துணியால் துடைத்து, சஸ்பென்ஷனுக்கென்று விற்கும் லேசான கிரீஸை மெல்லியதாகப் பூசி மூடினால் சீட்டின் வேகம் திரும்பிவிடும். சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ் இங்கே ஆகாது, குளிர்நாளில் இறுகிப்போகும். செயின் துடைக்கும் ரசாயனத்தை அடிப்பது இன்னும் மோசம். அது சீலைக் கெடுப்பதோடு இருக்கிற மசகையும் கழுவிக்கொண்டு போகும்.

உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளங்களில் சின்னப் பித்தளைக் கட்டைகள் உட்கார்ந்திருக்கும். சீட் இடமும் வலமும் திரும்பாமல் பிடிப்பவை அவைதான். சீட்டின் மூக்கைப் பிடித்து ஆட்டினால் அது கடகடவென்று ஆடுகிறதா? கட்டைகள் தேய்ந்திருக்கின்றன. சில நிறுவனங்கள் இவற்றைப் பல தடிமன்களில் விற்கின்றன. ஒரு படி தடித்ததைப் போட்டால் ஆட்டம் அடங்கும். ஒரு துளி ஆட்டம் எல்லாப் போஸ்டிலும் உண்டு, அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

உண்மையான உட்பழுது ஒன்று உண்டு. டிராப்பரின் உள்ளே எண்ணெயும், அழுத்தி அடைத்த காற்றோ நைட்ரஜனோ இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது எண்ணெய் நகர முடியாது. எண்ணெய் அமுங்காத பொருள் என்பதால் சீட் அசையாமல் நிற்கிறது. வால்வு திறந்தால் காற்றழுத்தம் சீட்டை மேலே தள்ளும். எண்ணெய்ப் பக்கம் காற்று கலந்துவிட்டால், ஏர் புகுந்த பிரேக் லிவர் மாதிரி சீட் தொளதொளத்து அமுங்கும். சீட் இறங்கிய நிலையில் அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்குவது சில மாடல்களில் இப்படிக் காற்று கலக்கக் காரணமாகும். காருக்குப் பின்னால் மாட்டும்போது பலரும் யோசிக்காமல் செய்வது இதைத்தான்.

பழைய ரெவர்ப்களில் இந்தத் தொளதொளப்பு வந்தால் முழுதாகப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஜெர்மனியின் பைக்யோக் நிறுவனம் தன் ‘ரிவைவ்’ போஸ்டில் இதற்கு அழகான தீர்வு வைத்தது. ஆலன் கீயால் ஒரு சிறு வால்வைத் திறந்து சீட்டை அமுக்கினால், கலந்த காற்று தன் இடத்துக்குத் திரும்பிவிடும். 2020-ல் ராக்‌ஷாக்ஸும் காற்றை வெளியேற்றும் வால்வை ரெவர்ப்பில் சேர்த்தது. வேறு சில நிறுவனங்கள் உள்ளுறுப்பு முழுவதையும் மூடிய கார்ட்ரிட்ஜாக ஆக்கிவிட்டன. பழுதானால் அதை உருவிப் புதியதைச் செருக வேண்டியதுதான். தூக்கி எறியும் பொருளாகத் தோன்றினாலும், வீட்டிலேயே மாற்ற முடிகிறது என்பதால் இது ஓட்டிக்கு மரியாதை தரும் வடிவமைப்புதான். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: உள்ளே இருக்கும் அழுத்தம் சில நூறு பிஎஸ்ஐ. அடைக்கப்பட்ட பகுதியை உரிய கருவியும் கையேடும் இல்லாமல் திறந்தால் பாகங்கள் முகத்தில் பாயும். அந்த எல்லையோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸ் மையத்துக்கு அனுப்புவதே சரி.

டிராப்பர் ஒழுங்காக வேலை செய்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2022 மார்ச் 19 அன்று மிலான்–சான்ரெமோ சாலைப் பந்தயத்தில் ஸ்லோவேனிய வீரர் மாதேய் மொஹோரிச் இந்த மவுன்டன் பைக் பாகத்தைச் சாலை சைக்கிளில் பொருத்திக்கொண்டு வந்தார். கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, போஜியோ குன்றின் இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, மற்றவர்களைப் பின்னால் விட்டு வென்றார். அத்தனை மணி நேரத் தூசிக்கும் அதிர்வுக்கும் பிறகு, கேட்ட கணத்தில் சீட் இறங்கியாக வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. அதற்கு முந்தைய ஆண்டுதான், உடம்பைத் தாழ்த்த ஃபிரேம் குழாய் மேல் குந்தி இறங்குவதைச் சர்வதேச சைக்கிள் சங்கம் தடை செய்திருந்தது; அதனால் தாழ வேண்டுமென்றால் சீட்டையே தாழ்த்துவது ஒரு வழியாக இருந்தது.

புதிய டிராப்பர் வாங்கப் போகிறவர்கள் எடை, நீளம் இரண்டையும் விசாரிப்பார்கள். கூடவே, சீலும் பித்தளைக் கட்டையும் கார்ட்ரிட்ஜும் தனித்தனியே கிடைக்குமா, அதே கடையில் கிடைக்குமா, கழுத்து வளையத்தைக் கையால் திறக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். கடைக்காரர் அந்தப் போஸ்டை எடுத்து, வளையத்தைத் திருகி, உள்ளே காட்டத் தயாராக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.