சுரங்கத் தூசியும் தொழிலாளியின் நுரையீரலும்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டன. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்மேடுகள் மட்டும் இன்னும் மலைபோல் நிற்கின்றன. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்கப் போன ஏழைத் தமிழ் மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி அங்கே பாறையைத் துளைத்தார்கள். தங்கத்தின் லாபம் லண்டனுக்குக் கப்பலேறியது. பாறைத் தூசி அவர்கள் நெஞ்சிலே தங்கியது.

எவ்வளவு பேர் நெஞ்சில்? 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ் இருந்தது! ஒரு ஊரில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பேருக்குக் காலரா கண்டால் சர்க்கார் என்ன பாடுபடும்? இதற்கு அப்படி யாரும் பதறவில்லை.

சிலிகோசிஸ் என்பது என்ன? கருங்கல்லிலும் வெள்ளைக் கல்லிலும் மணலிலும் சிலிகா இருக்கிறது. கல்லைத் துளைத்தாலும் உடைத்தாலும் அரைத்தாலும் அது தூசியாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தல்ல. அதை மூக்கும் தொண்டையும் தடுத்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் எமன். அது நுரையீரலின் கடைசி மூலைவரை, இரத்தத்தில் பிராணவாயு கலக்கும் சின்னஞ்சிறு காற்றுப் பைகள்வரை போய்விடுகிறது.

அந்தப் பைகளில் உடம்பின் காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. கல்லையும் அப்படியே விழுங்குகின்றன. கல் செரிக்குமா? அணுவின் உள்ளே இருக்கும் செரிமானப் பையைத் துகள் கிழித்துவிடுகிறது, அணு சாகிறது. செத்த அணுவிலிருந்து அதே கல் வெளியே விழுகிறது. அதை இன்னொரு அணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒரு துகள் எத்தனை அணுக்களைக் கொன்றாலும் தேய்வதில்லை. ஒவ்வொரு சாவிலும் கசியும் ரசாயனங்கள் புண்ணை வளர்க்கின்றன. உடம்பு அந்தப் புண்ணை ஆற்ற நார்த் தசையைப் பின்னுகிறது. முழங்காலில் காயம் ஆறினால் தழும்பு விழுமே, அதே தழும்புதான். ஆனால் முழங்கால் மூச்சு விடுவதில்லை. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. முதலில் மேடு ஏறும்போது இளைப்பு, பிறகு நடக்கும்போது, கடைசியில் படுத்திருக்கும்போதே இளைப்பு. இறுகிய நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலது பக்கம் வீங்கி அதுவும் ஓய்ந்துபோகிறது. சாதாரணமாக இதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆகும். தூசி மிக அதிகமானால் சில மாதங்களே போதும்.

தொழிலாளி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாலும் நோய் விடுவதில்லை. உள்ளே போன கல் தன் வேலையைத் தொடர்கிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை.

காவல் செத்த வீட்டில் திருடன் நுழைவது சுலபம். சிலிகா ஏறிய நெஞ்சில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறுகிறது. இங்கேதான் முதலாளிகளின் சூழ்ச்சிக்கு வசதி பிறக்கிறது. இருமலும் இளைப்பும் மெலிவும் இரண்டு நோய்க்கும் பொது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘காசம்’ என்று எழுதிவிட்டால் அது அவன் வறுமையால், அவன் வீட்டு நெருக்கடியால், அவன் பீடியால் வந்த நோய் ஆகிவிடும். ‘சிலிகோசிஸ்’ என்று எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம். ஒரே ஒரு வார்த்தையில் எத்தனை ரூபாய் இருக்கிறது பாருங்கள்!

இது ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 1556ல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலிலேயே, கார்ப்பேத்தியன் மலைச் சுரங்க ஊர்களில் ஏழு புருஷர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்கள் உண்டென்று எழுதியிருக்கிறது. 1930-31ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், சிலிகா நிறைந்த மலையைக் குடைந்து சுரங்கப்பாதை வெட்டினார்கள். தூசி அடங்க நீர் பாய்ச்சாமல் துளைத்தார்கள். வேலை வேகமாக நடக்க வேண்டுமாம். வெட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். மூகமூடி அவர்களுக்கு இல்லை. குறைந்த கணக்கில் 476 பேர் செத்தார்கள். 1986ல் மார்ட்டின் செர்னியாக் என்ற டாக்டர் ஆராய்ந்து 764 என்று மதிப்பிட்டார்.

நம் நாட்டு யோக்கியதை என்ன? குஜராத்தில் கோத்ரா பக்கம் வெள்ளைக் கல் அரைக்கும் ஆலைகளில் மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் கூலிக்குப் போனார்கள். தூசியைச் சுமந்து திரும்பிச் செத்தார்கள். செத்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தேசிய மனித உரிமைக் கமிஷன் 2010ல் சொன்னது. குஜராத் சர்க்கார் கொடுக்கவில்லை. சுப்ரீம் கோர்ட் 2016ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த உத்தரவும் சர்க்கார் கஜானாவை நோக்கியதுதான். கல்லை அரைத்து விற்ற லாபம் யார் பையில் இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1948 ஃபாக்டரி சட்டம் சிலிகோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 10 பேர் இருந்தாலே அந்தச் சட்டம் பாய்ந்தது. 2020ல் பார்லிமெண்டில் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த எண்ணை 20 ஆக்கியது. ஆபத்தான தொழில் என்று சர்க்கார் தனியாக அறிவித்தாலொழிய, சின்னப் பட்டறைக்கு விலக்கு! பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் தூசி குறைவாகவா பறக்கிறது?

தடுக்கும் வழி பழையது, மலிவானது: துளைக்கும் இடத்தில் தண்ணீர், பறக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் விசிறி, மூடிய இயந்திரம். சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை வெட்டிய தொழிலாளர்கள் இளவயதிலேயே நோயில் விழுந்ததைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. தொழிற்சங்கங்கள் விடாமல் போராடியதும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே சங்கங்கள் உடனடியாகக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. குவாரியிலும் கல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருப்பவன் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால், சளிப் பரிசோதனையோடு நிற்காமல், என்ன வேலை செய்தாய், எங்கே, எத்தனை வருஷம் என்று டாக்டர் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். காண்ட்ராக்ட் கூலிக்கு வேலை செய்ததற்கான அத்தாட்சி வேறு எதுவும் கையில் இருப்பதில்லை.