தொடர் முடிந்த பிறகு...



தொலைக்காட்சியில் நடிக்கும் சிறுவர், சிறுமியரைப் பார்த்து, 'கொடுத்து வைத்தவர்கள்' என்று ஏங்குகிறீர்கள் அல்லவா? தொடர் முடிந்த பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று யோசித்ததுண்டா?

அமெரிக்காவில் 1988-ல் 'தி ஒண்டர் இயர்ஸ்' என்ற தொடர் தொடங்கியது. அதில் வின்னி என்ற சிறுமியாக நடித்த டானிகா மெக்கெல்லருக்கு அப்போது வயது 13. நாடே அவரை அறிந்திருந்தது. 1993-ல் தொடர் முடிந்தது.

டானிகா சோர்ந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். மாணவியாக இருந்தபோதே, பேராசிரியரோடும் சக மாணவியோடும் சேர்ந்து ஒரு தேற்றத்தை நிறுவினார். அதன் பெயரில் அவர் பெயரும் இருக்கிறது! 1998-ல் பட்டம் பெற்றார். கணக்கென்றால் பயப்படும் பிள்ளைகளுக்காகப் புத்தகங்களும் எழுதினார். நடிப்பையும் விடவில்லை.

நடிப்பதும் பாடுவதும் நல்ல கலைகள்தான். அதற்காகப் பாடப் புத்தகத்தை மூடி வைப்பதுதான் தவறு. கைதட்டல் பிறர் தருவது. அவர்கள் நிறுத்தினால் நின்றுவிடும். கற்றதை யாராலும் திரும்பப் பெற முடியாது.

'எனக்குக் கணக்கே வராது, சார்' என்று சொன்ன எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்கு வந்தது. இன்று தொலைக்காட்சியை அணைத்ததும், பயந்து விட்டுவைத்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்களேன்!