கண்ணன் வராத மேடை: நாடகத்தில் நிர்வாணம் எப்போது கலையாகிறது?

தெருக்கூத்தில் துகிலுரியும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஆண் நடிகர்தான் திரௌபதி. துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்வார். உரிய உரியப் புடவை வளரும். கண்ணன் காப்பாத்திடுவார். கூடியிருக்கிற ஜனமும் நிம்மதியா மூச்சு விடும்.

சரி, கண்ணன் வரவே இல்லைன்னா?

இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டவர் வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி. அவருடைய 'திரௌபதி' சிறுகதையின் நாயகி தோப்தி மெஜேன் என்ற சந்தால் பழங்குடிப் பெண். ராணுவத்திடம் பிடிபடுகிறாள். அதிகாரியின் உத்தரவின் பேரில் இரவு முழுக்க அவளைச் சிதைக்கிறார்கள். காலையில் போர்த்திக்கொள்ளத் துணி கொடுக்கிறார்கள். அவள் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, ரத்தக் காயங்களோடு அந்த அதிகாரியின் முன்னால் போய் நிற்கிறாள். கையில் ஆயுதம் இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து அவர் முதல்முறையாகப் பயப்படுகிறார்.

இதை 2000-ல் மணிப்பூரில் மேடையேற்றினார் இயக்குநர் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால். தோப்தியாக நடித்தவர் அவர் மனைவி சாவித்ரி. அப்போது 50 வயதைத் தாண்டியவர். கடைசிக் காட்சியில் அவர் ஆடைகளைக் களைந்தபடி அதிகாரியை நோக்கி நடக்க, துப்பாக்கி வைத்திருப்பவர் பின்வாங்குகிறார். இம்பாலில் பெரிய சர்ச்சை. மேடையில் ஒரு பெண் இப்படிச் செய்யலாமா என்று எதிர்ப்புகள் கிளம்பின.

நான்கு வருஷம் கழிச்சு நடந்தது நாடகம் இல்லை. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அசாம் ரைஃபிள்ஸ் படையினர் வீட்டிலிருந்து அழைத்துப்போனார்கள். பிறகு குண்டுக் காயங்களோடு அவர் உடல் கிடைத்தது. ஜூலை 15-ம் தேதி, 12 பெண்கள் அந்தப் படை முகாமிட்டிருந்த காங்லா கோட்டை வாசலுக்கு வந்தார்கள். நடுத்தர வயதைக் கடந்த அம்மாக்கள். உடைகளைக் களைந்துவிட்டு, 'எங்களையும் பலாத்காரம் செய்யுங்கள்' என்று குரல் கொடுத்தார்கள். அதே வருஷம் இம்பால் நகராட்சிப் பகுதியில் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் கோட்டையும் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த அம்மாக்கள் நாடகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், நாடகத்தை ஆபாசம் என்று பேசியவர்களுக்கு, சாவித்ரி மேடையில் காட்டியது எதை என்று அந்த வாசலில் புரிந்திருக்கும்.

அசையாம நின்னா கலையா?

இந்த விஷயத்தில் சட்டங்கள் போட்ட கோடுகள் சில நேரம் வேடிக்கையா இருக்கும். 1930-களில் லண்டனின் விண்ட்மில் தியேட்டரில் நிர்வாணப் பெண்கள் மேடையில் தோன்றலாம், ஆனால் அசையக் கூடாது. சிலை மாதிரி நின்றால் கலை, ஒரு விரல் அசைந்தாலும் ஆபாசம்! நாடகத் தணிக்கை 1968-ல் அங்கே ஒழிந்தது. மறுநாளே நிர்வாணக் காட்சி கொண்ட 'ஹேர்' இசை நாடகம் லண்டனில் அரங்கேறியது.

அடுத்த வருஷம் நியூயார்க்கில் 'ஓ! கல்கட்டா!' வந்தது. நம்ம கல்கத்தாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. தலைப்பு ஒரு பிரெஞ்சு வார்த்தை விளையாட்டு. நிர்வாணம்தான் அங்கே விற்பனைச் சரக்கு. பிற்பாடு பிராட்வேயில் பல ஆயிரம் காட்சிகள் ஓடியது.

விண்ட்மில் பெண்களையும் சாவித்ரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யோசிச்சுப் பாருங்க. அங்கே பெண் அசையாமல் நிற்கிறாள், பார்ப்பவர் வசதியாக உட்கார்ந்து ரசிக்கிறார். இங்கே பெண் நடந்து வருகிறாள், பார்ப்பவர்தான் நெளிகிறார். எவ்வளவு துணி இருக்கிறது என்பதைவிட, அந்தக் காட்சியில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இன்னொரு சோதனையும் உண்டு. அதே காட்சியில் ஆடையைப் போட்டுவிட்டால் கதை நகருமா? நகரும் என்றால் நிர்வாணம் அங்கே வெறும் அலங்காரம். தோப்தி துணியை வாங்கிப் போர்த்திக்கொண்டால் கதையே முடிஞ்சுபோச்சு.

செல்போன் நுழைந்தபோது

ரிச்சர்ட் க்ரீன்பெர்க்கின் 'டேக் மீ அவுட்' நாடகமும் இந்தச் சோதனையில் தேறும். ஒரு பேஸ்பால் வீரர், தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவிக்கிறார். அதுவரை சக வீரர்கள் கூச்சமே இல்லாமல் ஒன்றாகக் குளித்த குளியலறை, அன்றிலிருந்து சங்கடமான இடமாகிறது. நடிகர்கள் ஆடையோடு நின்றால் அந்தச் சங்கடம் நமக்குத் தொற்றாது.

2022-ல் இது மீண்டும் பிராட்வே மேடைக்கு வந்தபோது, பார்வையாளர்களின் செல்போன்களைப் பூட்டிய பைகளில் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அப்படியும் யாரோ ஒருவர் நடிகர் ஜெஸ்ஸி வில்லியம்ஸை ரகசியமாகப் படம்பிடித்து இணையத்தில் விட்டார். நடிகர் சங்கம் கண்டித்தது. அரங்கில் கண்காணிப்பு பலப்படுத்தப்பட்டது.

இரண்டு மணி நேர நாடகத்திலிருந்து சில நொடிகளை மட்டும் கத்தரித்தால் கதை போய்விடும், உடம்பு மட்டும் மிஞ்சும். அந்த நடிகர் தன் உடலைக் காட்டச் சம்மதித்தது அந்த அரங்கில், அந்தக் கதைக்குள், அன்று வந்தவர்களுக்கு மட்டும்தான். உலகத்துக்கே இல்லை. ஆகவே, நிர்வாணம் கலையாக இருப்பது இயக்குநர் கையில் மட்டும் இல்லை. நம்ம கையிலும் இருக்கு.

இயக்குநருக்கும் பொறுப்பு உண்டு. நடிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் 'வேண்டாம்' என்று சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் இருக்கக் கூடாது. பயத்தில் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, பெண்ணின் அதிகாரத்தைப் பற்றி மேடையில் பேசுவது போலித்தனம்.

2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் 'திரௌபதி' கதையை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கூடவே நம்ம பாமா, சுகிர்தராணி படைப்புகளும் நீக்கப்பட்டன. அந்தக் கதையில் படமும் இல்லை, மேடையும் இல்லை, வெறும் எழுத்துதான். அதையே தாங்க முடியவில்லை என்றால், நம்மைத் தொந்தரவு செய்வது உண்மையிலேயே நிர்வாணம்தானா?