திரும்பி வந்த ரஜூலா... திரும்பாத ரோனா!

எங்க அம்மாயிக்குக் கடல் தெரியாது. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். வாழ்க்கையில் அவர் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். அதுவும் ஓர் ஆடிப்பெருக்குக்கு, ஒரே ஒரு தடவை. ஆனால், ஒரு கப்பலின் பெயர் மட்டும் அவருக்கு மனப்பாடம். ரஜூலா.

"எங்க பெரியண்ணன் ரஜூலாவுல போனாரு, ரஜூலாவுலயே வந்தாரு சாமி. நடுவுல நாலு வருஷம் ஒரு கடுதாசி கெடையாது. தபால்காரர் வர்ற நேரம் பாத்து எங்காத்தா தெனமும் திண்ணையில போயி உக்காந்துக்கும். அவர் தாண்டிப் போனப்புறம்தான் சோறாக்க எந்திரிக்கும்."

பெரியண்ணன் மலாயாவுக்குக் கடை வேலைக்குப் போனவர். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. சேலம், நாமக்கல் பக்கம் இப்படிக் காத்திருந்த வீடுகள் நிறைய. அன்றைய சேலம் ஜில்லா, திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு ஆகியவைதான் மலாயாத் தோட்டங்களுக்கு அதிகம் ஆள் போன ஜில்லாக்கள். ரயில் பிடித்து நாகப்பட்டினம் போய், அங்கிருந்து படகில் ஏறி, ஆழக் கடலில் நிற்கும் கப்பலைப் பிடிக்க வேண்டும்.

அம்மாயி சொன்னதை எழுதி வைக்கலாம் என்றுதான் அந்தக் கப்பலின் கதையைத் தேட ஆரம்பித்தேன். தேடும்போது இன்னொரு பெயர் கூடவே வந்தது. ரோனா.

ஒரே அளவில் பாடி கட்டிய ரெண்டு லாரி

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரே முதலாளி, ஒரே ரூட்டுக்காக, ஒரே அளவில் பாடி கட்டி ரெண்டு லாரி இறக்குகிறார் என்று வையுங்கள். ரஜூலாவும் ரோனாவும் அப்படித்தான். முதலாளி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. ரூட், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். ரஜூலா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. ரோனா இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் கட்டப்பட்டது. இரண்டும் கடலில் இறங்கியது 1926-ல்.

இரண்டும் எட்டாயிரம் டன்னுக்குச் சற்று மேல். நீளம் சுமார் 460 அடி. கேபினில் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லோரும் தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம் போக வேண்டும். குறுகிய தூரப் பயணத்தில் 5,000 தளப் பயணிகளுக்கு மேல் ஏற்றிக்கொள்ள இவற்றுக்கு அனுமதி இருந்தது. இன்று ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலில் இருக்கை உள்ளவர்களை எண்ணினால் அதைப்போல மூன்று மடங்கு கூட்டம்!

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு இரண்டையும் படைவீரர்களை ஏற்றும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மலாயாவுக்குக் கூலிகளையும் கடைக்காரர்களையும் கொண்டுபோன தளத்தில் சிப்பாய்கள் படுத்தார்கள்.

1943 நவம்பர் 26

அன்று ரோனா மத்தியதரைக் கடலில், அல்ஜீரியக் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. முந்தைய நாள் ஓரான் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டு ஒரு கப்பல் கூட்டத்தோடு சேர்ந்திருந்தது. கப்பலில் ஏறக்குறைய 2,000 அமெரிக்க வீரர்கள். அவர்கள் போகவேண்டிய இடம் எது தெரியுமா? சூயஸ் கால்வாய் வழியாக இந்தியா. பர்மாப் போருக்காக இங்கே விமானத் தளங்கள் அமைக்கும் பொறியாளர் படையினரும் அதில் இருந்தார்கள்.

மாலையில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. சாதாரணக் குண்டு என்றால் மேலேயிருந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விழுந்தால் விழுந்த இடம். ஆனால், அன்று வந்தது வேறு. சின்ன விமானம் போல இறக்கையும் ராக்கெட்டும் வைத்த குண்டு. பெயர் ஹென்ஷெல் 293. அதன் வாலில் ஒரு வெளிச்சம் எரியும். விமானத்தில் இருப்பவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே ரேடியோ வழியாகக் குண்டைத் திருப்பித் திருப்பி இலக்கில் கொண்டுபோய் மோத வைப்பார். இன்று டிரோன் தாக்குதல் என்று செய்தியில் பார்க்கிறோமே, அதற்குத் தாத்தா என்று சொல்லலாம். இந்த ஆயுதம் கப்பல்கள் மீது பயன்பாட்டுக்கு வந்தே அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் மூழ்கிய ஒரே கப்பல் ரோனா. குண்டு இடது பக்கம் புகுந்தது. இயந்திர அறை சிதைந்தது, மின்சாரம் போனது, தீப்பிடித்தது. உயிர்காக்கும் படகுகள் 22 இருந்தன. பல நொறுங்கிவிட்டன, பல இறக்க முடியாமல் சிக்கிக்கொண்டன, சில பாரம் தாங்காமல் கவிழ்ந்தன. ஒழுங்காகத் தண்ணீரைத் தொட்டவை சிலதான்.

வீரர்களுக்குக் கொடுத்திருந்தது, காற்று ஊதினால் உப்பும் பெல்ட். அதைக் கக்கத்துக்குக் கீழே ஏற்றிக் கட்ட வேண்டும். பலருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தவர்களை அது தலைகுப்புறக் கவிழ்த்தது. காப்பாற்றக் கொடுத்த பொருளே சிலரை மூழ்கடித்தது. நவம்பர் மாதக் குளிர்ந்த கடல், ஆளுயரத்தைத் தாண்டி எழும் அலை, கூடவே இருட்டு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரோனா கடலுக்குள் போய்விட்டது.

பயனியர் என்ற சிறிய கண்ணிவெடி அகற்றும் கப்பல் இருட்டில் நின்று நின்று 606 பேரைத் தூக்கியது. மற்ற கப்பல்களும் உதவின. அப்படியும் அமெரிக்க வீரர்கள் மட்டும் 1,015 பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளர் பட்டாலியன் ஒன்றிலேயே ஏறக்குறைய 500 பேர். எதிரியின் தாக்குதலில் அமெரிக்கப் படை கடலில் ஒரே நேரத்தில் இழந்த அதிகபட்ச உயிர்கள் இவைதான்.

யாரிடமும் சொல்லக் கூடாது!

இவ்வளவு பெரிய இழப்பு மறுநாள் தலைப்புச் செய்தியாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதிய குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஜெர்மனிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் செய்தி மூடப்பட்டது. பிழைத்தவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வீடுகளுக்குப் போன தந்தியில் இருந்தது, 'காணவில்லை' என்ற தகவல்தான். எந்தக் கப்பல், எந்தக் கடல், எப்படி என்று எதுவும் இல்லை.

1944 பிப்ரவரியில், பெயர் சொல்லாமல், ஐரோப்பியக் கடலில் ஒரு கப்பல் மூழ்கி ஆயிரம் வீரர்களுக்கு மேல் இறந்ததாக அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. அப்போதும் நீர்மூழ்கிக் கப்பல்தான் காரணம் என்பது போலவே ஜாடை காட்டினார்கள். போர் முடிந்த பிறகும் ரோனாவின் கதை பல பத்தாண்டுகள் வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை. 2000-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வீரர்களுக்கு மரியாதை செலுத்தித் தீர்மானம் போட்டது. 57 வருஷம்! மகனைக் கொடுத்த எத்தனை அம்மாக்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "கப்பலை ஓட்டுனவங்க இருப்பாங்கல்ல கண்ணு, அவங்க வூட்டுக்குச் சேதி போச்சா?"

அதுவரை நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

கிளீனர் பேர் என்ன?

ரோனாவின் கேப்டன் ஆஸ்திரேலியர். அதிகாரிகளில் பலர் ஆங்கிலேயர்கள். ஆனால், கரி, எண்ணெய், கயிறு, சமையல் என்று உடம்பு நோகும் வேலை முழுக்க இந்திய மாலுமிகள். 'லாஸ்கர்' என்று அவர்களைக் குறிப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் லாஸ்கர். ஆங்கில மாலுமிக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு.

பிழைத்து வந்த அமெரிக்க வீரர்கள் சிலர் பிறகு பேசியபோது, இந்திய மாலுமிகள் படகை எடுத்துக்கொண்டு முதலில் தப்பித்தார்கள் என்று குறை சொன்னார்கள். தீயும் இருட்டுமான அந்த நேரத்தில் அவர்கள் கண்ணில் பட்டது அதுவாக இருக்கலாம். ஆனால், கணக்கைப் பாருங்கள். அமெரிக்க வீரர்களில் இறந்தது ஏறக்குறைய பாதிப் பேர். கப்பல் பணியாளர்கள் சுமார் 200 பேரில் இறந்தது பாதிக்கும் மேல். முதலில் தப்பித்து ஓடியவர்களின் கணக்கு இப்படி இருக்காது.

நாமக்கல்லில் வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. வெளி மாநிலத்தில் நம்ம லாரி கவிழ்ந்தால் செய்தி எப்படி வரும்? லாரி நம்பர் இருக்கும். ஏற்றிய சரக்கின் மதிப்பு இருக்கும். டிரைவர் பெயர் இருக்கும். அடுத்து 'உடன் சென்ற கிளீனரும் பலியானார்' என்று முடித்துவிடுவார்கள். டெஸ்க்கில் அப்படிச் செய்தியை நானே முடித்திருக்கிறேன்.

ரோனாவுக்கு ஒரு வருஷம் முன்பு, 1942 நவம்பர் 23 அன்று, இதே கம்பெனியின் 'திலாவா' என்ற கப்பல் பம்பாயில் இருந்து ஆப்பிரிக்கா போகும் வழியில் ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பிழைக்கப் போன இந்தியக் குடும்பங்கள் அதில் நிறைய. 678 பேர் மீட்கப்பட்டார்கள், 280 பேர் இறந்தார்கள். அதன் சரக்கில் தென்னாப்பிரிக்காவுக்குப் போன வெள்ளியும் இருந்தது. நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் உருகுகிறதே, அதே வெள்ளி. 2017-ல் கடலின் ஆழத்தில் இருந்து அதைத் தூக்கினார்கள். 2,364 கட்டிகள். அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024-ல் தீர்ப்பு வந்தது. வெள்ளிக் கட்டியை ஒன்று விடாமல் எண்ணத் தெரிந்த உலகத்துக்கு, மாலுமிகளை எண்ண மட்டும் இவ்வளவு காலம் ஆகிறது.

முழுக்க மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த 6,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பிரதி மும்பையில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில். கடலில் போனவருக்குக் கல்லறை கிடையாது. அந்த ஒரு வரிதான் கல்லறை.

உங்க வீட்டு டிரங்குப் பெட்டி

ரஜூலாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அது போரில் தப்பித்தது. மறுபடியும் பழைய ரூட்டுக்கே வந்து, 1970-களின் தொடக்கம் வரை தமிழர்களை ஏற்றி இறக்கியது. கடைசியில் பம்பாயில் உடைத்து இரும்பாக்கினார்கள். எங்க பெரியண்ணன் தாத்தா, போர் முடிந்த பிறகு அதில்தான் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். ஆத்தாவுக்கு ஒரு சீட்டித் துணியும் ஒரு பிஸ்கட் டப்பாவும் கொண்டு வந்தாராம். அந்த டப்பாவில் அம்மாயி இன்னும் கடுகு போட்டு வைத்திருக்கிறார்.

அம்மாயி வீட்டுக்குக் கப்பல் வந்தது, அதனால் கதை இருக்கிறது. கப்பல் வராத வீடுகளில் கதையும் நின்றுபோயிருக்கும். அதனால், இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மலாயா, பர்மா, சிலோன் என்று யாராவது போயிருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கப்பல் பெயரைக் கேட்டு, கேட்ட அன்றே எழுதி வையுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் கிடந்தால், அதில் உள்ள துறைமுக முத்திரையையும் தேதியையும் போட்டோ எடுத்து வையுங்கள். போர்க் காலத்தில் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள். நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

நான் இந்த வாரத்தில் இருந்து ஒரு பழக்கத்தை மாற்றியிருக்கிறேன். விபத்துச் செய்தி வந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கடைசியாக ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன். "சார், கிளீனர் பேர் என்னங்க?"