இடைநீக்கம் தீர்ப்பு ஆகாது

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கடந்த சில ஆண்டுகளில் அரசியல் கட்சிப் பொறுப்பாளர்கள் மீதும் உயர் பதவியில் இருந்தவர்கள் மீதும் சாதி சார்ந்த புகார்கள் அடுத்தடுத்து எழுந்தன. ஒவ்வொரு புகாரும் ஒரு வாரமோ பத்து நாளோ தலைப்புச் செய்தியாக இருந்தது. தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது, கண்டன அறிக்கைகள் வந்தன. கட்சி ஏதோ ஒரு நடவடிக்கை எடுத்தது. அத்துடன் எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். புகார் கொடுத்தவர் மட்டும் அதே ஊரில், அதே தெருவில் இருக்கிறார்.

நம் பகுதியில் நடந்தவற்றில் நான்கை வரிசையாக வைத்துப் பார்ப்போம். நான்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் கட்சி வேறு, பின்னணி வேறு. கிடைத்த கவனம் மட்டும் ஒரே மாதிரியானது.

முதலாவது, சேலத்தை அடுத்த திருமலைகிரி. 2023 ஜனவரி இறுதியில் ஒரு காணொளி பரவியது. மாரியம்மன் கோயிலுக்குள் சென்றதற்காக ஒரு பட்டியல் சாதி இளைஞரை ஊரார் முன்னிலையில் நிறுத்தி, கேட்கக் கூசும் வார்த்தைகளால் ஒருவர் திட்டுகிறார். திட்டியவர் ஊராட்சி மன்றத் தலைவரும் திமுகவின் சேலம் தெற்கு ஒன்றியச் செயலாளருமான மாணிக்கம். காணொளி பரவியதும் கட்சி அவரைத் தற்காலிகமாக நீக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகி அவர் கைதானார்.

இரண்டாவது, நாமக்கல் மக்களவைத் தொகுதி. 2024 மார்ச்சில் திமுக கூட்டணியின் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, சூரியமூர்த்தியை வேட்பாளராக அறிவித்தது. சாதி கடந்து காதலிக்கும் இளைஞர்களை மிரட்டி அவர் பேசியதாகக் கூறப்படும் பழைய காணொளி ஒன்று உடனே வெளியே வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அவருக்குப் பதிலாக மாதேஸ்வரன் நிறுத்தப்பட்டு வெற்றியும் பெற்றார்.

மூன்றாவது, ஆத்தூர் பகுதியைச் சேர்ந்த இரண்டு முதிய தலித் விவசாயிகளின் வழக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் மீது போடப்பட்ட வழக்கில் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. அதற்குப் பிறகும் 2023-ல் அமலாக்கத் துறை அவர்களுக்கு அழைப்பாணை அனுப்பியது. அஞ்சல் உறையின் மேல் அவர்களுடைய சாதிப் பெயர் எழுதப்பட்டிருந்தது. தங்கள் நிலத்தைப் பறிக்க முயலும் பாஜக நிர்வாகி ஒருவரின் தூண்டுதலே இதற்குக் காரணம் என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. செய்தி நாடு முழுவதும் பேசப்பட்ட பிறகு, 2024 ஜனவரியில் அமலாக்கத் துறை வழக்கை முடித்துக்கொண்டது.

நான்காவது, சேலம் பெரியார் பல்கலைக்கழகம். 2022 ஜூலையில் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் எது தாழ்ந்த சாதி என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களை விடைகளாகக் கொடுத்திருந்தார்கள். வினாத்தாளை வெளியிலிருந்து தயாரித்துத் தந்தார்கள் என்று விளக்கம் சொன்னார் அப்போதைய துணைவேந்தர் ஜெகநாதன். அடுத்த ஆண்டு, 2023 டிசம்பர் 26 அன்று, பல்கலைக்கழகத்தின் பெயரில் தனி அமைப்பு தொடங்கியது தொடர்பான வேறொரு புகாரில் அவர் கைது செய்யப்பட்டு உடனே ஜாமீனில் வந்தார். அந்த வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி 11 அன்று ஆளுநர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், மாணவர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். அதற்குப் பிறகு அது ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடக்கும் சண்டையாகிவிட்டது.

இந்த நான்கையும் நடுநிலையான, முற்போக்கான, படித்த நண்பர்கள் எப்படிப் பார்த்தார்கள்? அவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள். தீண்டாமையை மனதார வெறுப்பவர்கள். ஆனாலும் அவர்கள் முதலில் கேட்டது, "எந்தக் கட்சி?" என்ற கேள்வியைத்தான். திருமலைகிரி நடந்தபோது பாஜக ஆதரவாளர்கள் சமூக நீதி பேசினார்கள், திமுக ஆதரவாளர்கள் "ஒருவர் செய்த தவறுக்குக் கட்சி பொறுப்பா?" என்றார்கள். ஆத்தூர் விவசாயிகளின் செய்தி வந்தபோது வசனங்கள் இடம் மாறின. பல்கலைக்கழக விவகாரத்தில் வினாத்தாளை யார் தயாரித்தார்கள், யார் பார்க்காமல் விட்டார்கள் என்ற கேள்வியே காணாமல் போனது. குற்றம் சாட்டப்பட்டவர் நம் எதிரணியில் இருந்தால் காணொளியே தீர்ப்பு, நம் அணியில் இருந்தால் "விசாரணை முடியட்டும்" என்ற பொறுமை. இரண்டும் நீதி ஆகா.

குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு அல்ல. இதை நாமே அழுத்திச் சொல்கிறோம். மேலே சொன்னவர்களில் யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு. பொய் வழக்கால் அலைக்கழிக்கப்படுவது என்னவென்று தலித்துகளை விட அதிகமாக அறிந்தவர்கள் யார்? ஆத்தூர் விவசாயிகளே அதற்குச் சாட்சி. ஆகவே நாம் கேட்பது அவசரத் தீர்ப்பை அல்ல. எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே அளவுகோலும், தீர்ப்பு வரும் வரை தளராத கவனமும்தான் நமக்கு வேண்டும்.

படித்த நண்பர்களின் இரண்டாவது பழக்கம், கட்சி நடவடிக்கையையே நீதி என்று எடுத்துக்கொள்வது. "இடைநீக்கம் செய்துவிட்டார்களே", "வேட்பாளரை மாற்றிவிட்டார்களே" என்று ஆறுதல் அடைந்துவிடுகிறார்கள். கட்சிகள் வெளியிடும் இத்தகைய அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். கட்டுப்பாட்டை மீறியது, அவப்பெயர் ஏற்படுத்தியது என்றுதான் வழக்கமாக இருக்கும். பெயர் கெட்டது கட்சிக்கு, பரிகாரமும் கட்சிக்கு. அவமானப்பட்டவருக்கு அதில் இடம் இல்லை. இடைநீக்கத்தை விலக்கிக்கொள்ளவும் அதே கட்சியால் முடியும். அதற்கு அவமானப்பட்டவரின் ஒப்புதல் தேவையில்லை.

நாமக்கல் வேட்பாளர் மாற்றத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த மாற்றம் நல்லது, எதிர்த்தவர்களின் வெற்றி. ஆனால் அந்தக் காணொளி புதிதாக எடுக்கப்பட்டது அல்ல. அப்படிப் பேசக்கூடிய ஒருவர் வேட்பாளர் பட்டியல் வரை வர முடிந்தது எப்படி? பேசிய காலத்தில் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லையா? கோகுல்ராஜ் கடைசியாகக் காணப்பட்ட திருச்செங்கோடு இதே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. பெயரை மாற்றியதும் அந்தக் கேள்விகளும் முடிந்துபோயின.

ஒன்றியச் செயலாளர் என்பவர் நம் கிராமங்களில் யார் என்பது நகரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் வர வேண்டுமா, நூறு நாள் வேலையில் பிரச்சினையா, காலனிக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமா, காவல் நிலையத்தில் ஒரு புகார் எடுபட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஆளுங்கட்சி ஒன்றியத்தின் முகம் வேண்டும். விசைத்தறிக் கூடம், கோழிப்பண்ணை, சேகோ ஆலை, ரிக் வண்டி என்று வேலை கொடுப்பவர்களும் பெரும்பாலும் அதே வட்டத்தில்தான் இருக்கிறார்கள். புகார் கொடுத்தவரும் சாட்சிகளும் மறுநாள் காலையில் அவர்களிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். கட்சிப் பொறுப்பு போனாலும் அந்த வட்டம் கலைவதில்லை. சமரசப் பேச்சு அங்கிருந்துதான் வரும். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், "நடந்தது நடந்துபோச்சு, பையன் எதிர்காலத்தைப் பாருங்க" என்பார்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சிக் கேமராக்கள் அங்கே இருக்காது.

கேமராக்கள் போன பிறகும் ஒரு வழக்கு நிற்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. தற்கொலை என்று நம்பவைக்க முயற்சி நடந்தது. வழக்கை விசாரித்த துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுப்பிரியா அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துகிடந்தார். முதன்மைக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட, தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேச்சுகளை வெளியிட்டார். முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு வழக்கு எப்படி நின்றது? கோகுல்ராஜின் தாய் விடவில்லை. நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று அவர் முறையிட்டதால் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞரை மாற்றக் கேட்டார், வழக்கறிஞர் ப. பா. மோகன் வந்தார். ஆள் பிறழ்ந்தாலும் கோயில் கண்காணிப்புக் கேமராவின் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, யுவராஜுக்கு மூன்று ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதி செய்தது. கொலை நடந்தது அதிமுக ஆட்சியில், தீர்ப்பு வந்தது திமுக ஆட்சியில். எந்த ஆட்சியின் தயவிலும் அந்தத் தாய் நிற்கவில்லை. சட்டத்தில் இருந்த ஒவ்வொரு பிரிவையும் கேட்டுக் கேட்டு வாங்கினார்.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை மேடைகளில் யாரும் பேசுவதில்லை. வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். அறுபது நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். சிறப்பு நீதிமன்றம் கூடுமானவரை இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்து அவர் தரப்பையும் கேட்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்றால், நான்காவது பிரிவு தண்டனை விதிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஆட்சியர் அதற்குத் தலைவர். மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன, நிவாரணத் தொகை போய்ச் சேர்ந்ததா, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று அது ஆராய வேண்டும். மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அந்தக் குழுவின் உறுப்பினர்கள். கோட்ட அளவிலும் இதே போன்ற குழு உண்டு. மாநில அளவில் முதலமைச்சர் தலைமையில் ஜனவரியிலும் ஜூலையிலும் குழு கூட வேண்டும்.

நாம் படித்த நண்பர்களிடம் கேட்பது இதைத்தான். அடுத்த முறை இப்படி ஒரு காணொளி வரும்போது, கட்சி அவரை நீக்கியதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அறுபதாவது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. கடந்த ஓர் ஆண்டில் கண்காணிப்புக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை முறை போனார் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டுக் கேளுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கிப் படியுங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கேளுங்கள். கண்டன அறிக்கை எழுத ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும்.

கட்சி மோதலாகத் தெரியாத புகார்களுக்கு இன்னும் அதிகமாக இந்தக் கவனம் தேவை. 2024 மே மாதத்தில் ஓமலூர் அருகே தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் வழிபாட்டு உரிமையை ஒட்டி மோதல் நடந்து கடைகள் எரிந்தன. திருமலைகிரிக்கும் தீவட்டிப்பட்டிக்கும் இடையே ஓர் ஆண்டும் சில மாதங்களும்தான். பிரச்சினை ஒன்றே, மாரியம்மன் கோயில் வாசலை யார் தாண்டலாம் என்பது. திருமலைகிரியில் ஒருவரைக் கட்சியை விட்டு நீக்கியதால் கோயில் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று மாவட்டம் நினைத்துக்கொண்டதா? அறநிலையத் துறையும் வருவாய்த் துறையும் மற்ற ஊர்க் கோயில்களில் நிலைமை என்னவென்று அப்போதே பார்த்திருக்க வேண்டாமா?

அரசியலில் தனிமனித பக்தி வீழ்ச்சிக்கே வழிவகுக்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். கட்சி பக்திக்கும் அது பொருந்தும். நம் பிள்ளைகளைத் திட்டியவர் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறார் என்று பார்த்து நம் கோபத்தின் அளவை வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள், நம் அமைப்புகளுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கூட வேண்டிய குழு சேலத்துக்கும் உண்டு, நாமக்கல்லுக்கும் உண்டு. கடைசிக் கூட்டம் என்றைக்கு நடந்தது, யார் யார் வந்தார்கள், எத்தனை வழக்குகள் அறுபது நாளைத் தாண்டி நிற்கின்றன? இந்த மூன்று கேள்விகளோடு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனு நாளுக்குப் போவோம்.